காரணம்: வேலை கேட்க

வெளியே போகும் சீட்டு இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். உள்ளங்கை அகலம்தான். பெயர், அறை எண், காரணம், போகும் நேரம், திரும்பும் நேரம், வார்டன் கையொப்பம், மேலாளர் கையொப்பம் என்று ஏழு கட்டங்கள். திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்து, நூறு நூறாக ஒட்டிக் கட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. அந்தக் கையுறைக் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் நான் உதவியாளராக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட சீட்டுகளை ஆயிரக்கணக்கில் கோப்பில் குத்தி வைத்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் மூன்று சொற்களில் ஒன்றுதான் வரும்: ஆஸ்பத்திரி, கடை, கோயில். ஒரு வியாழக்கிழமை காலையில் என் மேசைக்கு வந்த சீட்டில் மட்டும், புதிதாகத் தமிழ் எழுதப் பழகிய கையெழுத்தில், எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, ‘வேலை கேட்க’ என்று எழுதியிருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் விடுதி வார்டன். வார்டன் அம்மா என்பதைச் சுருக்கி அலுவலகத்தில் எல்லோரும் வார்டன்மா என்போம். விடுதிப் பெண்கள் அவரை மௌசி என்று கூப்பிட்டார்கள்; அவர்கள் பக்கத்தில் சித்தி, பெரியம்மா முறைக்கு அந்தச் சொல். அவருக்கு ஓமந்தூர்ப் பக்கத்து ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத குடும்பம். கணவர் இறந்த பிறகு ஒரு மாணவியர் விடுதியில் பல வருடங்கள் தற்காலிகச் சமையல் ஆளாக இருந்து, அது நிரந்தரமாகாமலே முடிந்து, ஐம்பது வயதுக்கு மேல் எங்களிடம் வந்தார். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் ஒன்றை முகப்பு உள்பக்கம் வரும்படி கட்டியிருப்பார். எட்டாவது வரை படித்தவர். அச்சிட்ட எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டி, வாய்விட்டு, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நகர்வார். விடுதி வராந்தாவில் தீயணைக்கும் சிலிண்டர் மாட்டிய அன்று, அதில் ஒட்டியிருந்த குறிப்பை முழுக்கப் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நான் சிரித்ததும், “இதுல என்ன போட்டுருக்குதுன்னு தெரியாம இது பக்கத்துல எப்படிம்மா படுத்துத் தூங்கறது?” என்று கேட்டார். 

கம்பெனி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வெல்டிங் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போடுகிற தடித்த தோல் கையுறைகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். தைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். பாதிப்பேர் உள்ளூர், ஓமந்தூர், கிளியனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவார்கள். மீதிப் பாதி ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். அவர்களுக்குக் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே விடுதி. விடுதிக்கு ஒரே வாசல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், கூட்டமாக, வார்டனோடு மட்டும்தான் வெளியே போகலாம். மற்ற நாட்களில் சீட்டு வேண்டும். சேர்ந்த அன்றே ஆதார் அட்டையை ‘சரிபார்ப்பதற்காக’ வாங்கி என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துவிடுவார்கள். சரிபார்ப்பு முடிந்து யாருக்கும் அது திரும்பிப் போனதாக எனக்கு ஞாபகமில்லை. பாதுகாப்பு என்று சொன்னார்கள். வார்டன்மாவும் அதை முழுமனதாக நம்பினார். மற்றவர்கள் பெற்ற பெண்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பார். ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று, உள்ளே போகும் ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டு எண்ணுவார். கண்டிப்பானவர். காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கேப்பைக் கூழ் காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைத்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பதும் அதே கண்டிப்போடுதான்.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல்களைத் தயாரிப்பது நான். பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் தலைப்பு ‘உள்ளூர்’, இன்னொன்றின் தலைப்பு ‘விடுதி’. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, ஒரே அளவு கையுறை தைக்கும் இரண்டு பெண்களுக்கு, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பிடிப்பதைக் கணக்கில் சேர்க்காமலே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. நான் சேர்ந்தபோது அந்த வித்தியாசம் இவ்வளவு இல்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பயணப் பைகள் தைக்கும் புதுக் கம்பெனி ஒன்று வந்த பிறகுதான் அது வளர்ந்தது. அவர்கள் பெரிய பலகை வைத்து ஆள் எடுத்தார்கள். எங்கள் உள்ளூர்ப் பெண்களில் இருபது பேர் ஒரே மாதத்தில் அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேரைப் பிடித்து வைக்க எங்கள் நிர்வாகம் உள்ளூர்ப் பட்டியலில் கூலியை ஏற்றியது; வருகைக்குத் தனிப்படி கொடுத்தது. விடுதிப் பட்டியல் அப்படியே இருந்தது. அதை ஏற்றவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எவரும் சாலையைக் கடந்து போய் அந்தப் பலகையைப் படிக்கப் போவதில்லை. இதை இன்று இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று நான் எண்களைச் சரியாக அடித்தேனா என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

‘வேலை கேட்க’ என்று எழுதியவள் ஓர் ஒடியாப் பெண். அந்தக் கூட்டத்தில் முதலில் தமிழ் பேசவும், பிறகு எழுதவும் கற்றுக்கொண்டவள் என்பதால் எல்லோரும் அவளைத் தமிழ்ப்பொண்ணு என்றே கூப்பிட்டோம். தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து மெஷினில் இருந்த வார்டன்மாவின் அக்கா மகள். அவள்தான் புதுக் கம்பெனிப் பலகையைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு வார்டன்மா நின்றுகொண்டே இருந்தார். “இதுல பொய் ஒண்ணும் இல்லியே. நான் கையெழுத்துப் போட்டா தப்பாவுமா?” என்று கேட்டார். மேலாளரைக் கேளுங்கள் என்றேன். கேட்டார். மேலாளர் குரலை உயர்த்துகிற ஆளில்லை. சீட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, “உங்க வேல கதவப் பாத்துக்கறது. அத மட்டும் பாருங்க,” என்றார். வார்டன்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.  

 மாதக் கடைசியில், விடுதிப் பட்டியலில் வழக்கமாகப் போடும் கையெழுத்தைப் போட வந்தவர், உள்ளூர்ப் பட்டியலையும் கொஞ்சம் காட்டு, அக்கா மகள் பேர் இருக்கிறதா பார்க்கிறேன் என்றார். கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். அவர் வழக்கம்போல் எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, அக்கா மகளின் பெயரையும் எதிரே இருந்த தொகையையும் படித்தார். பிறகு மற்றப் பட்டியலில் தமிழ்ப்பொண்ணின் பெயரையும் தொகையையும் படித்தார். இரண்டு விரல்களை இரண்டு தாளிலும் வைத்தபடியே தொகைகளை இன்னொரு முறை படித்தார். வெளியே மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அப்போதுதான் அவர் தன் சிறுவயதைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்.

“எங்கப்பா பெரிய வீட்டுக்காரரு மனையிலதாம்மா குடிசை போட்டுக்கினு இருந்தாரு. நடவு வந்தா பக்கத்து ஊர்லேர்ந்தும் பொம்பளைங்க வருவாங்க. அவங்களுக்கு ஒரு கூலி, எங்கம்மாவுக்கு அதுல பாதி. அதே வயலு, அதே சேறு. ஏன்னு கேட்டா, நீ எங்க போயிடுவ, என் எடத்துலதான இருக்கறன்னு சொல்லுவாரு. எங்கள யாரும் பூட்டி வெக்கல. ஆனா நாங்க எங்கயும் போவ முடியாது. போவ முடியாதவளுக்கு எதுக்கு ஏத்திக் குடுக்கணும்?” என்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “இங்க பூட்டே இருக்குது. பூட்டறது நானு. அப்ப இந்தப் புள்ளைங்களுக்குக் கம்மிச் சம்பளம் கெடைக்கறதுக்கு நாந்தான காரணம்?”

அது உங்கள் குற்றமில்லை, கம்பெனியின் விதி என்று ஏதோ சொன்னேன். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சாப்பாடு பரிமாறப் போய்விட்டார்.

விடுதிப் பெண்களை வருடத்துக்கு இரண்டுமுறை ஏதாவது ஒரு கோயிலுக்கு வேனில் அழைத்துப் போக அனுமதி உண்டு. இந்தமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்கு என்று வார்டன்மா எழுதிக் கொடுத்தார். வேனில் இடம் குறைவு என்பதால் பதினோரு பெயர்கள். மேலாளர் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை மதியம் வார்டன்மா என்னிடம் வந்து, அந்தப் பதினோரு பேரின் ஆதார் அட்டைகள் வேண்டும் என்றார். கோயிலுக்கு எதற்கு ஆதார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. புதுக் கம்பெனியின் பலகையில் ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுப்பதாகப் போட்டிருந்ததை நானும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். என் கை மேசை இழுப்பறையில் இருந்த அலமாரிச் சாவியின் மேல் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

வார்டன்மாவுக்கு அது புரிந்தது. “உன்ன மாட்டி உட மாட்டேன்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி எழுத ஆரம்பித்தார். எழுதுவதும் படிப்பது போலத்தான், ஒவ்வோர் எழுத்தையும் சொல்லிக்கொண்டே. விடுதிப் பெண்கள் பதினோரு பேரின் ஆதார் அட்டைகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரி: எதற்கு என்று எச்.ஆர். பெண்ணுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டு, உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்தார். ஒரு சீட்டில் பொய் இருக்கக்கூடாது என்று கவலைப்பட்டவர் தன் கையால் எழுதி நான் பார்த்த ஒரே பொய் அந்த இரண்டாவது வரிதான். அதை எனக்காக எழுதினார். நான் அலமாரியைத் திறந்து அட்டைகளைக் கொடுத்தேன். என்னையும் வேனில் வரச் சொன்னார். உறவில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் துணி துவைத்தேன்.

நடந்ததைப் பிறகு தமிழ்ப்பொண்ணு எனக்கு விவரமாகச் சொன்னாள். வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும், பயணப்பைக் கம்பெனி வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் வார்டன்மா. டிரைவர் தயங்கியிருக்கிறார். கேட்டால் நான் சொன்னேன் என்று சொல் என்றாராம். இறங்கியதும் வழக்கம்போல் பலகையை மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் படித்தாராம். சம்பளம், வாடகைப்படி, வார விடுமுறை எல்லாவற்றையும். பெண்கள் பதினோரு பேரும் சாலையோரத்தில் வரிசையாக நின்று, பாடம் கேட்பது போலக் கேட்டிருக்கிறார்கள். வாசல் காவலாளி, நீங்கள் யார் என்று கேட்டதற்கு, நான் இவர்களுடைய வார்டன் என்றிருக்கிறார். “வார்டனே கூட்டிக்கினு வந்தீங்களா?” என்று அவர் இரண்டுமுறை கேட்டாராம். உள்ளே ஒவ்வொருத்திக்கும் ஒரு தோள்பட்டை வாரைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். கையுறையின் கட்டைவிரல் பகுதியைத் தைத்துப் பழகிய விரல்களுக்கு அது பெரிய வேலையில்லை. இரண்டு பேர் பயந்து மெஷினில் உட்காரவே இல்லை. இரண்டு பேர் தேறவில்லை. ஏழு பேரை அடுத்த திங்கள்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள், உள்ளூர்ப் பெண்களுக்குத் தரும் அதே சம்பளத்துக்கு. அங்கே ஒரு பட்டியல்தான்.

அதோடு திரும்பிவிடவில்லை. கோயிலுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், போகாமல் எப்படி என்று சொல்லி, வார்டன்மா எல்லோரையும் திருவக்கரைக்கும் கூட்டிப்போனார். வக்கிரகாளியம்மன் சன்னதியில் பதினோரு பெண்களும் தங்கள் ஊர் முறைப்படி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். பிறகு கல்மரப் பூங்காவுக்குப் போனார்கள். மரம் கல்லாகிப் படுத்துக் கிடப்பதைத் தொட்டுப் பார்த்து, இது எத்தனை காலமாக இங்கேயே கிடக்கிறது என்று ஒருத்தி கேட்டாளாம். வார்டன்மா அங்கிருந்த பலகையையும் முழுக்கப் படித்துச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு விடுதிக்குத் திரும்பும்போது நேரம் சரியாக ஆறு. தோளைத் தொட்டு எண்ணினார். பதினோரு பேரும் இருந்தார்கள்.

மறுநாள் ஏழு ராஜினாமாக் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. நாலாவது நாள் உள்விசாரணை வைத்தார்கள். மேலாளர், வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல், எதிரில் வார்டன்மா. கேள்வியையும் பதிலையும் எழுதிக்கொள்ள நான். உங்கள் பொறுப்பில் இருந்த ஆட்களைப் போட்டிக் கம்பெனிக்கு எதற்குக் கொண்டு போனீர்கள் என்று வக்கீல் கேட்டார். “கூலி கேக்கத்தாங்க போனாங்க. திருடப் போவல,” என்றார் வார்டன்மா. நிர்வாகம் அந்தப் பெண்களைப் பாதுகாப்பாக வைத்திருந்ததை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். அதற்கு அவர் பதில் சொன்னார். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்: “பாதுகாப்புன்னா ஊருப் பொண்ணுங்களுக்கும் அதானங்க வேணும்? அவங்க வாசல் தொறந்து கெடக்குது. போயிடுவாங்கன்னு பயந்துக்கினு நீங்க ஏத்திக் குடுக்கறீங்க. இதுங்க போவாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் பூட்டிக்கினு இருந்தவரைக்கும் தெரியும்.” வக்கீல் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு அட்டைகளைப் பற்றிக் கேட்டார்கள்.  வார்டன்மா என் பக்கமே திரும்பவில்லை. நான் கேட்டேன், அந்தப் பெண் கொடுத்தாள், எழுதிக் கொடுத்திருக்கிறேன், பாருங்கள் என்றார். எதற்கு என்று சொன்னீர்களா என்று வக்கீல் கேட்டார். “சொல்லல,” என்றார். சொல்லவில்லை என்று நானும் எழுதினேன். அந்தக் குறிப்பில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு வாசலைத் தாண்டிப் போகும்போது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் எழுந்து வந்து வழியனுப்பவில்லை, எழ முடியாது. நான் மட்டும் கேட்வரை போனேன். “உனக்குத் தம்பி படிப்பு இருக்குதில்ல, போயி வேலையப் பாரு,” என்றார்.

உள்ளூர்ப் பெண்களில் பலருக்கு முதலில் அவர்மேல் கோபம். வெளியூர்க்காரிகளுக்காக நம் ஊர்க்காரி வேலையை விட்டுவிட்டாள் என்று பேசினார்கள். அவருடைய அக்கா மகளே சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாள். ஒருநாள் அவள்தான் பேச்சை மாற்றினாள். தன் வரிசையில் காலியான நாலு மெஷின்களைக் காட்டி, “இதுல மொதல்ல ஒக்காந்துக்கினு இருந்தவங்க எல்லாம் நம்ம ஊருப் பொண்ணுங்க. அவங்க போனப்புறம் அந்த எடத்துக்கு எல்லாம் ஆஸ்டல் புள்ளைங்களத்தான் போட்டாங்க. அதுங்க சம்பளம் கம்மியா இருக்கறவரைக்கும் நம்மள எதுக்குக் கூப்புடப் போறாங்க?” என்று கேட்டாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே அமுங்கிப் போயிருக்கும். அடுத்த மாதச் சம்பள நாளில் உள்ளூர்ப் பெண்கள் முப்பது பேர் மேலாளர் அறை வாசலில் வந்து நின்று, இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கச் சொன்னார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. நின்றார்கள்.

இதற்கிடையில் விடுதிக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. புது வார்டன் வந்திருந்தார். அவரிடம் வந்த சீட்டுகளில், முதலில் இரண்டு, பிறகு ஐந்து, பிறகு ஒரு டஜனுக்கும் மேல், காரணம் என்ற கட்டத்தில் ‘வேலை கேட்க’ என்று இருந்தது. சிலர் இந்தியில், சிலர் ஒடியாவில், சிலர் பார்த்து எழுதிய தமிழில். மேலாளரால் ஒன்றிரண்டைக் கிழிக்க முடிந்தது. எல்லாவற்றையும் கிழித்தால், கப்பலுக்கு அனுப்பவேண்டிய சரக்கை யார் தைப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து எல்லா ஆதார் அட்டைகளையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசல் காலையிலிருந்து மாலை வரைக்கும் திறந்தது. கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். சாப்பாட்டுக்குப் பிடிப்பதையும் கூடவே கொஞ்சம் ஏற்றினார்கள். எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஒரு சிலர் நொந்துபோய் ஊருக்கே திரும்பினார்கள். ஆனால் அடுத்த தீபாவளிக்கு முந்தின மாதம், மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் உள்ளூர், விடுதி என்று பிரிக்க வேண்டாம், அகர வரிசையில் ஒரே பட்டியலாகப் போடு என்றார்.

அதை நான் அடித்த பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர்கள் கலந்து வந்தன. அஞ்சலைக்குக் கீழே அஞ்சு முர்மு, அமுதாவுக்குக் கீழே அனிதா மாஜி. யார் எந்த ஊர் என்று பெயரைப் பார்த்தால் ஊகிக்கலாம். தொகையைப் பார்த்தால் முடியாது. அச்செடுத்ததும் மேலாளர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். எனக்கோ அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமாவது காட்டவேண்டும் போல இருந்தது. இதைச் செய்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. ஒரு மனுஷியை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. இன்றைக்கும் அது குறையவில்லை.

வேலை போன பிறகு வார்டன்மா திண்டிவனத்தில் ஒரு மெஸ்ஸில் சில மாதங்கள் பாத்திரம் கழுவினார். பயணப்பைக் கம்பெனிக்குப் போன ஏழு பெண்களுக்கு அங்கே விடுதி இல்லை. வாடகைப்படி உண்டு, வீடுதான் கிடைக்கவில்லை. வடநாட்டுப் பெண்கள் என்றதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். விடுதி வாசலைத் தாண்டி வந்தவர்களுக்கு ஊருக்குள் தங்க அனுமதி கிடைக்கவில்லை. தமிழ்ப்பொண்ணு மெஸ்ஸுக்கு வந்து சொன்ன அன்றே வார்டன்மா வீடு தேடக் கிளம்பினார். தன் பெயரில் பேசி, தானும் அதே வீட்டில் இருப்பதாகச் சொல்லி, பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மூன்று அறை வீடு ஒன்றைப் பிடித்தார். குடிபோன மறுநாள் நான் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். சாவி செய்கிறவர் வாசலில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே பூட்டுக்கு எட்டுச் சாவி. எதற்கு இத்தனை என்று அவர் கேட்டதற்கு, “எட்டுப் பேரு இருக்கறோமே,” என்று மட்டும் சொன்னார் வார்டன்மா. அந்த வீட்டில் அவர் யாரையும் எண்ணி நான் பார்த்ததில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவளுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

தம்பி படித்து வேலைக்குப் போன பிறகு நானும் அந்தக் கம்பெனியை விட்டேன். இப்போது விழுப்புரம் பக்கம் வேறொரு இடத்தில் எச்.ஆர். அதிகாரியாக இருக்கிறேன். ஆட்களைச் சேர்க்கும்போது ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, அங்கேயே, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு சின்ன வழக்கம். நான் காரணம் சொன்னதில்லை. ஒருமுறை வார்டன்மாவிடம் அந்த இரண்டாவது வரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். எனக்குத் தெரிந்திருந்தது, நானும் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை முறத்தில் பரப்பி, சொத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் போயிருந்தா சம்பளப் பட்டியல யாரு போட்டுருப்பா?” என்று கேட்டுவிட்டு, உரித்த பருப்பில் ஒரு கையளவு அள்ளி எனக்குக் கொடுத்தார்.

சென்ற மாதம் தமிழ்ப்பொண்ணின் தங்கைக்கு அவர்கள் ஊரில் கல்யாணம். தமிழ்ப்பொண்ணு இப்போது பயணப்பைக் கம்பெனியில் ஒரு வரிசைக்கு சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் திண்டிவனத்துப் பெண்கள். வார்டன்மா வராமல் கல்யாணத்தை நடத்தவிட மாட்டேன் என்று சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டாள். புதுச்சேரியிலிருந்து வந்து வடக்கே போகிற ரயிலில் ஏற்றிவிட நான் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டிவிட்ட வார்டன்மா சென்னையைத் தாண்டிப் போவது அதுதான் முதல்முறை. பிளாட்பாரத்தில் ஒட்டியிருந்த ரயில் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்திருந்தார். பை நிறைய மல்லாட்டை, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை, தனக்கு இரண்டு புடவை. இரண்டு ராத்திரி ரயில், அதற்குமேல் பஸ், அதற்குமேல் நடை என்று தமிழ்ப்பொண்ணு சொல்லச் சொல்ல எனக்குத்தான் கவலையாக இருந்தது. அந்த ஊரில் உங்களோடு தமிழில் பேச இவளை விட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்களே, பத்து நாள் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஜன்னலோரத்தில் வசதியாக உட்கார்ந்து, பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டார்.

“ஒரு வார்த்த தெரியாம இந்தப் புள்ளைங்க இங்க வந்து வருஷக்கணக்கா ஒக்காந்து தச்சிதுங்க,” என்றார். “நான் பத்து நாளு கல்யாணச் சோறு துன்னுட்டு வர மாட்டேனா?”

ரயில் நகர்ந்தது. தமிழ்ப்பொண்ணு கையசைத்தாள். வார்டன்மா அசைக்கவில்லை. அவர் ஏற்கெனவே எதிர்ச்சீட்டுக்காரர் விரித்து வைத்திருந்த ஒடியாச் செய்தித்தாளை எட்டிப் பார்த்து, அந்த வட்ட வட்ட எழுத்துகளில் முதலாவதைச் சுட்டிக்காட்டி, இது என்ன எழுத்து என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.